மலிவுக் கத்தியின் குறைகள்: ஒப்பினெல் மடக்குக்கத்தியை முன்வைத்து ஒரு நோக்கு

நூலுக்குரிய குற்றங்கள் பத்தென வகுத்தும் அழகுகள் பத்தெனத் தொகுத்தும் ஆராய்ந்த மரபு தமிழ் மரபாகும். ஆயின் அந்நூலுக்கென ஓலையை வாரிய கத்திக்கும் குற்றமுண்டு, அழகுண்டு என்பதை அம்மரபு பொருட்படுத்தவில்லை. கத்தியின் குற்றமென்பது கொல்லனுக்கும் கொள்வோனுக்குமிடையே பட்டறை வாசலில் நிகழும் பேரப்பேச்சோடு முடிந்துபோகும் சங்கதியாகவே இருந்துவந்துள்ளது. கைப்பொருள்களைத் திறனாய்வுக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் இன்றும் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. அவ்வாறு கொள்ளுமிடத்தும் கோயிற் சிற்பம், குத்துவிளக்கு, அரச சின்னம் ஆகியனவே கவனம் பெறுகின்றன. உழைப்பாளியின் சட்டைப்பையிற் கிடக்கும் மலிவான மடக்குக்கத்திக்கு அவ்விடத்தில் அனுமதி கிடைப்பதில்லை.

இதனால் நேர்ந்த விளைவு யாதெனில், மலிவான கருவியைப் பற்றிப் பேச நேரும்போது இருவகைப் பேச்சுகளே எழுகின்றன. அலகு நடுவில் நிற்கவில்லை, மெருகு சீராக இல்லை, வளையம் கரகரக்கின்றது என்று, பத்துமடங்கு விலைபெறும் கத்திக்குரிய அளவுகோலை இதன்மேற் சுமத்துவது ஒருவகை. இந்த விலைக்கு இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது என்று வாயடைப்பது மற்றையது. முன்னையது சேகரிப்போனின் குரல். பின்னையது தாராள மனத்தின் குரல்போலத் தோன்றினும், உற்றுநோக்கின் அதனடியில் ஓர் இளக்காரம் கிடப்பதை உணரலாம். மலிவான பொருளை வாங்குபவன் மட்டமான பொருளுக்கே உரியவன் என்பது அதன் சொல்லாத உட்கிடை. விலையுயர்ந்த கத்தி கெட்டால் அதன் சொந்தக்காரன் வேறொன்றை எடுப்பான். ஒரே கத்தியை வைத்திருப்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே கண்டிப்பான திறனாய்வு யாருக்குத் தேவைப்படுகின்றது என்ற கேள்வியிலிருந்தே இவ்விடயத்தை அணுகவேண்டியுள்ளது. இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது பிரான்சு நாட்டின் ஒப்பினெல் கத்தியாகும்.

அல்ப்ஸ் மலைத்தொடரின் பிரெஞ்சுப் பகுதியான சவோயிலே, சென்ஜோன் த மோரியென் என்னும் சிறு நகருக்கு அண்மையில், கோடரி, அரிவாள், கவாத்துக் கத்தி முதலிய வெட்டுகருவிகளைச் செய்துவந்த குடும்பமொன்றில் 1872இற் பிறந்தவர் யோசேப் ஒப்பினெல். 1890இல், தமது பதினெட்டாவது வயதில், அவர் இம்மடக்குக்கத்தியை உருவாக்கினார். 1897இல் அது இலக்கம் 1 முதல் 12 வரையான பன்னிரண்டு அளவுகளிற் செய்யப்பட்டது. அவற்றுள் இலக்கம் 1உம் 11உம் 1935இற் கைவிடப்பட்டன. முடிசூடிய கை என்னும் முத்திரை 1909இற் பதிவாகியது. அக்கை சென்ஜோன் த மோரியென் நகரின் சின்னத்திலிருந்தும், முடி சவோய்க் கோமகர்களின் ஆட்சியை நினைவூட்டவும் எடுக்கப்பட்டவை. 1955இலே மாசெல் ஒப்பினெல் அலகைத் திறந்த நிலையிற் பூட்டும் சுழல்வளையமொன்றைச் சேர்த்தார். அதுவரை அறுபத்தைந்து ஆண்டுகள் அக்கத்திக்குப் பூட்டு இருக்கவில்லை. சாம்பெரி நகரிலே இன்றும் செய்யப்படும் இக்கத்தியின் இலக்கம் 8 வகையே மிகுதியும் வழக்கிலுள்ளது. அதன் அலகு எட்டரைச் சதமமீற்றர் நீளமுடையது. விலையோ, அந்நாட்டின் சாதாரண உணவுச்சாலையொன்றில் ஒரு நேர உணவுக்குக் கொடுப்பதை ஒத்தது.

கத்தியின் உறுப்புகள் ஐந்தேயாகும்: அலகு, ஒரே மரத்துண்டிற் கடைந்தெடுத்த பிடி, அப்பிடியின் கழுத்தை இறுக்கும் உலோகப் பூண், அலகைத் தாங்கும் ஆணி, பூணின்மேற் சுழலும் வளையம். யாழ்ப்பாணத்து வழக்கில் மடக்குக்கத்தியை வில்லுக்கத்தி என்பர். பிடியின் முதுகிலே வளைந்துநின்று அலகை விறைப்பாக வைத்திருக்கும் உருக்கு வில்லைக் கருதி எழுந்த பெயர் அது. ஒப்பினெலுக்கு அப்பெயர் பொருந்தாது. அதில் வில்லே கிடையாது. இது பார்வைக்குச் சிறிய வேறுபாடு. எனினும் குறைகளை மதிப்பிடுமிடத்து இதுவே அடிப்படையானது. வில்லுடைய கத்தியொன்றிலே வில்லின் முதுகு, அலகு திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடியின் முதுகோடு மட்டமாக நிற்கவேண்டும். இரு பக்கத் தகடுகளும் இடையே ஒளி புகாதவாறு பொருந்தவேண்டும். ஆணிகள் யாவும் ஒரே நேரில் அமையவேண்டும். இப்பொருத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் அரம்பிடித்த ஒருவரின் நேரம் செலவாகின்றது, அந்நேரமே விலையாகின்றது. ஒப்பினெலோ பொருத்தம் பார்க்கவேண்டிய இடங்களையே களைந்துவிட்டது. பக்கத் தகடுகள் இல்லை; ஆகவே அவற்றிடையே இடைவெளி விழ வழியில்லை. வில் இல்லை, ஆகவே அது மட்டந்தப்பவும் இயலாது. மலிவு இங்கே வேலையைக் கெடுத்துப் பெற்றதன்று, வேலை தேவைப்படும் இடங்களைக் குறைத்துப் பெற்றது. இக்கத்தியின் உண்மையான கலைத்திறன் இதுவேயெனலாம். பளபளப்பில் அதனைத் தேடுவோர் ஏமாறுவர்.

ஆயினும் இவ்வாறு களைந்தபின் எஞ்சும் பொருத்தங்கள் மூன்றுள: அலகுக்கும் பிடியின் பிளவுக்கும் உள்ள பொருத்தம், ஆணியின் இறுக்கம், வளையத்தின் ஓட்டம். எஞ்சியவை மூன்றே என்பதனால் அவற்றின்மேல் விழும் பொறுப்பும் கூடுகின்றது. நூறு இடங்களிற் கவனம் சிதறவேண்டிய கைவினைஞன் ஓரிடத்திற் தவறுவது இயல்பு. மூன்றே இடங்களைக் காக்கவேண்டிய தொழிற்சாலைக்கு அதே சலுகையை வழங்குதல் நீதியாகுமா என்பது கேட்கத்தக்க கேள்வியே.

ஆங்கிலத்திலே கருவிகளைப் பற்றி எழுதுவோர் பொருத்தத்தையும் மெருகையும் ஒரே மூச்சிற் சேர்த்துச் சொல்வது வழக்கம். அச்சேர்க்கையே பல குழப்பங்களுக்கு வித்தாகியுள்ளது. இலண்டன் அரச கலைக் கல்லூரியிலே தளபாட வடிவமைப்புப் பேராசிரியராயிருந்த டேவிட் பை, 1968இல் வெளியிட்ட கைவினையின் இயல்பு பற்றிய நூலில், வேலைப்பாட்டை உறுதி, பொலிவு என்னும் இரு நிலைகளில் வைத்து நோக்கினார். ஒரு பொருள் தன்மேல் விழும் விசைகளை வடிவமைத்தவன் கருதியவாறு தாங்குகின்றதா என்பது உறுதி. அவன் கருதிய தோற்றத்தைத் தருகின்றதா என்பது பொலிவு. பொருத்தக்குறை பெரும்பாலும் உறுதியைத் தொடும். மெருகுக்குறை பொலிவை மாத்திரமே தொடும். இரண்டையும் ஒரே சொல்லிற் கட்டிவைப்பவர், மெருகு கலைந்த இடத்தைக் கண்ணாற் கண்டவுடனே பொருத்தத்தையும் சந்தேகிக்கத் தொடங்குகின்றார். மாறாக, மெருகு நன்றாயிருப்பின் பொருத்தத்தைச் சோதியாமலே விடுகின்றார். பின்னைய தவறு முன்னையதிலும் ஆபத்தானது.

இனிக் குறைகளைத் தனித்தனியே நோக்கலாம். மூடிய கத்தியை மேலிருந்து பார்க்கும்போது அலகு பிளவின் நடுவே நில்லாது ஒரு பக்கம் சாய்ந்திருப்பது பலரும் முதலில் எடுத்துக்காட்டும் குறையாகும். பிளவை அறுத்த வாள் பிடியின் அச்சுக்கு இம்மியளவு விலகியிருக்கலாம், ஆணித்துளை சரிந்திருக்கலாம், அலகே பதமிடும்போது சற்று நெளிந்திருக்கலாம். முதலிரண்டு காரணங்களாயின் வெட்டும் வேலைக்கு அதனால் ஊறில்லை. மூடிய கத்தி வெட்டுவதில்லை. திறந்த கத்தியை நடுவில் நிறுத்துவது பிளவன்று. சாய்ந்த அலகின் வாய் பிளவின் சுவரை உரசுகின்றதா என்பது மாத்திரமே பார்க்கத்தக்கது. உரசினாலும் அது மரமேயாதலின் கூர் மழுங்குவது சிறிதே. மரத்திற் கீறல் விழுவதே மிகுதி. காரணம் மூன்றாவதாயின் நிலைமை வேறாகும். நெளிந்த அலகு நேராக வெட்டாது. அப்பிளைத் தோலுரிக்கும்போதே கை அதனை உணரும். எனவே கண்ணுக்கு ஒரே குறையாகத் தோன்றுவது கைக்கு இருவேறு குறைகளாகின்றது. கத்தியைத் திறந்து, முனையைக் கண்ணெதிரே பிடித்து, வாயின் நேர்மையை ஒருமுறை நோக்கினால் எக்காரணம் என்பது தெளிவாகிவிடும். அவ்வாறு நோக்காமற் குறைகூறுவது, பாயிரத்தை மட்டும் படித்துவிட்டு நூலுக்கு மதிப்புரை எழுதுவதற்கு நிகர்.

பிடியின் நிறவேறுபாடு, வார்னிசு திரண்ட சொட்டு, கடைசலின் மெல்லிய கோடுகள், பூணின் விளிம்புக்கும் மரத்துக்குமிடையே மயிரிழை இடைவெளி என்பவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவை பொலிவைச் சேர்ந்தவை. மூன்றுமாத உழைப்பில் மறைபவை.

கூர்வாயின் சீரின்மை சற்று நின்று நோக்கத்தக்கது. புதிய கத்தியின் வாயில் ஒரு பக்கச் சரிவு அகன்றும் மறுபக்கச் சரிவு ஒடுங்கியும் காணப்படலாம், பிசிர் ஒட்டியிருக்கலாம். இது உறுதிக்குறையா, மெருகுக்குறையா? தொழிற்சாலை தீட்டிய வாய் ஒரு சில கிழமைகளே வாழும். அதன்பின் இருப்பது சொந்தக்காரன் தீட்டிய வாய். ஆகவே தொழிற்சாலைக் கூரை வைத்துக் கத்தியை மதிப்பிடுவோர், முதல்நாட் சட்டையின் கஞ்சியை வைத்துத் துணியை மதிப்பிடுவோரை ஒப்பர். கவனிக்கவேண்டியது கூருக்குப் பின்னாலுள்ள அலகின் கனம். ஒப்பினெலின் அலகு மெல்லியது. முதுகிலிருந்து வாய்வரை மெதுவாக இறங்குவது. எத்தனைமுறை தீட்டினாலும் அது எளிதிற் பொருளினுட் புகும். விலைமிகுந்த பல கத்திகள் தடித்த அலகினாற் பெறும் வலிமைத் தோற்றத்தை இழந்தே இது தன் வெட்டுந்திறனைப் பெற்றுள்ளது. இலங்கு மெருகோடு தடித்துநிற்கும் அத்தகைய கத்திகளைக் காணும்போது, நின்று பயனின்மை என்று நன்னூல் சுட்டும் குற்றம் நினைவுக்கு வருவது தவிர்க்கவியலாதது.

உருக்கின் பதமோ கண்ணுக்கே புலனாகாதது. காபன் உருக்கு அலகைச் செந்நிறம்வரை காய்ச்சிச் சடுதியாகக் குளிரவைத்து, பின் மிதமான சூட்டில் அதன் நொறுங்குந்தன்மையைத் தணித்தெடுக்கும் செயலில், சூடு சற்றே பிழைத்தாலும் அலகு ஈயம்போல் மடியும். அல்லது கண்ணாடிபோற் சிதறும். குறைகளைப் பட்டியலிடுவோர் எவரும் இதனைப் பட்டியலிற் சேர்ப்பதில்லை, ஏனெனில் கடையிலே இதனைக் காணமுடியாது. ஒப்பினெல் இவ்விலைக்குத் தன் சவோய்ப் புகழைக் காத்துவந்ததற்கு இக்காணாத இடத்திற் சிக்கனம் பிடியாமையே முதன்மையான காரணமெனக் கொள்ளலாம். காபன் உருக்கு கறுக்கும், கவனியாதுவிடின் துருப்பிடிக்கும். இதனைக் குறையென்பாரும் உளர். ஆயின் கறைபடா உருக்கினாலான அலகும் அதே கத்தியில் விற்பனைக்குள்ளது. விரும்பியவர் வேண்டியதை எடுக்கலாம். தெரிந்து தெரிவுசெய்த ஒன்றைக் குறையென்று கூறுவது பொருந்தாது.

இனி, மன்னிக்க இயலாதவற்றுக்கு வருவோம். பிடி பீச் மரத்தினாலானது. மரம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும், உலர்ந்தாற் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டிலேயே பெரிது. அக்குறுக்குவாட்டிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிச்செல்லும் போக்கில் நிகழும் விரிவு, நடுவிலிருந்து வெளிநோக்கும் ஆரப்போக்கின் விரிவைப்போல் பீச் மரத்தில் ஏறக்குறைய இருமடங்காகும். பிடியைக் கடையும் பொறி மரத்தின் வளையங்கள் எப்பக்கம் நோக்கியுள்ளன என்று பார்ப்பதில்லை. ஆகவே ஒரே நாளில், ஒரே பொறியில், ஒரே அளவிற் செய்த இரு கத்திகளில், மழை பெய்ததும் ஒன்று இலகுவாகத் திறக்கும். மற்றையது நகத்தை உடைக்கும். வார்னிசு பிடியின் வெளிப்புறத்தைக் காக்கின்றது. ஆனால் அலகை நெருக்கும் சுவர்கள் ஆணியைச் சூழ்ந்த உட்புறத்திலுள்ளன. வார்னிசு அங்கு போதிய காப்பைத் தருவதில்லை.

இவ்விறுக்கத்துக்குச் சவோய் மக்கள் கண்ட தீர்வு புகழ்பெற்றது. மூடிய கத்தியின் பிடியடியை மேசை விளிம்பிலோ கல்லிலோ ஓங்கித் தட்டுவர். அலகு தன் விசையாற் சற்று வெளியே துள்ளும். பின் விரலாற் பிடித்துத் திறப்பர். சவோயார் தட்டு என்றே இதற்குப் பெயர் வழங்குகின்றது. ஒப்பினெலைப் புகழ்ந்தெழுதுவோர் பலரும் இதனை அன்போடு குறிப்பிடுவர். கருவியின் குறை ஒரு மக்களின் வழக்காறாக மலர்ந்ததென்ற நயம் அதிலுண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் நயத்தைச் சற்று விலக்கிவைத்து நோக்கின், இத்தட்டு வேறொன்றையும் சொல்கின்றது. கத்தி மிகுதியும் தேவைப்படும் நேரம் எது? மழையில் மாடு கயிற்றிற் சிக்கிய நேரம், கை நனைந்த நேரம், குளிரில் விரல் மரத்த நேரம். அதே நேரத்திலேதான் மரம் வீங்குகின்றது. பொருத்தம் தவறுவது வேலையின் வழியிலேயே, வேலை கடினமான இடத்திலேயே. நடுவில் நில்லாத அலகையும் இதனையும் சிறு குறைகள் என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதுவது எவ்வாறு தகும்?

இதற்கு விடையாக, வாங்கியவனே ஆணியைச் சூழ்ந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயூட்டலாம், பிளவின் சுவரை உப்புத்தாளாற் சற்றுத் தேய்க்கலாம் என்பர். உண்மையே. அரைமணி நேர வேலை, நன்றாகவும் அமையும். எளிய கருவியின் பெருமைகளுள் இது தலையாயது என்பதிலும் ஐயமில்லை. ஒட்டி மூடிய, திருகுகள் மறைந்த கருவியில் இதனைச் செய்ய இயலாது. ஆயின் இவ்விடத்தில் ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். தொழிற்சாலை செய்யாதுவிட்ட அந்த அரைமணி வேலை இல்லாமற் போய்விடவில்லை. அது வாங்கியவனின் மாலைப்பொழுதுக்கு மாற்றப்பட்டுள்ளது. கத்தியிற் பற்றுடையவனுக்கு அது பொழுதுபோக்கு. பகல் முழுவதும் திராட்சைக்கொடி கவாத்துச் செய்துவிட்டு வந்தவனுக்கு அது கூலியில்லா வேலை. மலிவின் ஒரு பகுதி இவ்வாறு பெறப்பட்டதாகும். அதனைக் குற்றமென்று சொல்லவேண்டுமென்பதில்லை. விலையிற் சேர்த்துக் கணக்கிடவேண்டும் என்பதே கருத்து.

வளையத்தின் நிலை இன்னும் கடுமையானது. பிளவுபட்ட வளையமாதலின் அது தன் சொந்த விறைப்பினாலேயே பூணை இறுகப் பற்றுகின்றது. அதிகம் இறுகினாற் பெருவிரல் நோகும். சுழற்றச் சுழற்ற இலகுவாகும். கரகரப்பும் அவ்வாறே தேய்ந்து மறையும். இவை சிறு குறைகள்தாம். தளர்வோ அவ்வாறன்று. தளர்ந்த வளையம் வேலையின் நடுவே தானே சுழன்று திறந்துவிடலாம். அலகின் முனையால் துளையிடும்போது பூட்டு நழுவினால் மடியும் அலகு விரலிலேயே விழும். குறட்டினால் வளையத்தைச் சற்று நெருக்கிச் சரிசெய்யலாமென்பது உண்மை. ஆனால் தளர்ந்துள்ளதை முதலில் அறியவேண்டும். சிலருக்கு அதனை அறிவிப்பது காயமாகவே இருக்கும். கடையிலே கையிலெடுத்ததும் எரிச்சலூட்டுவது இறுகிய வளையம். வழுவழுவென்று ஓடி மகிழ்வூட்டுவது தளர்ந்த வளையம். கண்ணும் விரலும் முதற்கணத்திற் சொல்லும் தீர்ப்பு முற்றிலும் தலைகீழாக அமைவதற்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. பூட்டு இல்லாதிருந்த அறுபத்தைந்து ஆண்டுகளிலும் சவோயார் எச்சரிக்கையாகவே வெட்டினர் என்று வாதிக்கலாம். ஆனாற் பூட்டு இல்லையென்று தெரிந்த கையின் எச்சரிக்கை, பூட்டு உண்டென்று நம்பிய கைக்கு இராது.

இவ்வாறு கண்டிப்பாக எழுதுவோரை நோக்கி, ரஸ்கினின் பெயரால் ஒரு மறுப்பு எழுவதுண்டு. வெனிசு நகரக் கட்டடங்களைப் பற்றிய தமது நூலின் 1853இல் வந்த இரண்டாந் தொகுதியில், குற்றமற்ற மெருகைக் கோருவது தொழிலாளியைப் பொறியாக்குவதாகும், குறை என்பது சுதந்திரமான கையின் அடையாளம் என்ற கருத்தை ரஸ்கின் முன்வைத்தார். அக்காலத் தொழிற்சாலைகளின் கொடுமையை நோக்க அது மனிதாபிமானமிக்க குரல். ஆயினும் அதனை ஒப்பினெலுக்குப் பொருத்துதல் இயலாது. யோசேப் ஒப்பினெல் தொடக்கத்திலேயே பிடிகளைச் செய்வதற்குப் பொறியை அமைத்தவர். நழுவும் வளையம் எந்தத் தொழிலாளியின் சுதந்திரத்தையும் பறைசாற்றவில்லை. அச்சு தேய்ந்ததையோ சோதனை தளர்ந்ததையோ மாத்திரமே அது காட்டுகின்றது. கைவினையின் குறைக்குரிய கௌரவத்தைப் பொறியின் குறைக்கு அளிப்பது ரஸ்கினுக்கே இழைக்கும் அநீதி. டேவிட் பையும் தமது நூலில் ரஸ்கினின் வாதத்தைத் தனியே எடுத்து மறுத்துள்ளார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

மெருகே பயனாகும் கத்தியும் உண்டு. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல், கண்டி இராச்சியத்துக் கைவினைஞரை உலகறியச் செய்தது. அவ்விராச்சியத்தின் அரச பட்டறைகளிற் செய்யப்பட்டு, பொன்னும் வெள்ளியும் தந்தமும் பதித்த பிடிகளோடு பிரதானிகளின் இடையிற் செருகப்பட்ட கத்திகளை இன்றும் அரும்பொருளகங்களிற் காணலாம். அக்கத்தியின் முதற்பணி தகுதியைக் காட்டுதல். அங்கே வெள்ளித் தகட்டின் விளிம்பு மயிரிழை விலகுவது பெருங்குற்றம். அலகின் பதம் இரண்டாம்பட்சம். கண்டிக் கத்தியின் அளவுகோலை ஒப்பினெலுக்கும் ஒப்பினெலின் அளவுகோலைக் கண்டிக் கத்திக்கும் மாற்றிப்பிடித்தால் இரண்டுமே தோற்கும். உருவம், உள்ளடக்கம் என்று இலக்கியத்தில் நெடுநாள் வாதிட்டுப் பழகியவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. ஆயினும் தமது சட்டைப்பையிலுள்ள பொருள்வரை அவ்வாதத்தைக் கொண்டுசென்றவர் சிலரே.

ஒப்பினெலுக்கே இம்மாற்றம் நேர்ந்ததென்பது சுவையான செய்தி. 1985இலே இலண்டன் விக்ரோறியா அல்பேட் அரும்பொருளகம் உலகின் அழகிய பொருள்கள் நூற்றுள் ஒன்றாக இதனைத் தெரிந்து காட்சிப்படுத்தியது. அக்கௌரவத்துக்கு இது முற்றும் தகுதியானதே. ஆனாற் கண்ணாடிப் பேழையினுள் மழை பெய்வதில்லை. அங்கே எந்த மரமும் வீங்குவதில்லை. அதன்பின் இக்கத்தியை அழகுக்காகவே வாங்கும் ஒரு கூட்டமும் உருவாயிற்று. நடுவில் நில்லாத அலகைப்பற்றிய முறைப்பாடுகள் பெரும்பாலும் அக்கூட்டத்திடமிருந்தே எழுகின்றன. உழவனின் முறைப்பாடு அச்சேறுவதில்லை.

இறுதியாக எழும் வாதமொன்று எண்ணிக்கை பற்றியது. பெருந்தொகையிற் செய்யப்படும் மலிவுப்பொருளில் அங்குமிங்கும் ஒன்று பிழைப்பது இயல்பு, சராசரியில் நோக்கவேண்டும் என்பர். செய்பவனுக்குச் சராசரி என்ற ஒன்றுண்டு; அவன் ஆயிரக்கணக்கிற் செய்கின்றான். பத்துக் கத்திகளை வாங்கி நல்லதைத் தெரியும் சேகரிப்போனுக்கும் ஓரளவு அது உண்டு. ஒன்றை மாத்திரம் வாங்கியவனிடம் இருப்பது அந்த ஒன்றே. பிழைத்தது அதுவாயின் அவனளவில் எல்லாமே பிழைத்ததாகும். ஆகையாற் பொலிவுக்குறைகளைச் சராசரியில் நோக்குவது பொருந்தும். உறுதிக்குறைகளை ஒவ்வொரு கத்தியாகவே நோக்கவேண்டும். யப்பானின் மிக்கி நகரில் மடித்த தகட்டைப் பிடியாகக்கொண்டு செய்யப்படும் ஹிகோனோகாமி என்னும் மலிவுக்கத்தியும் வில்லற்றது, பூட்டற்றது. அதன் தகட்டு விளிம்புகள் கரடானவை, அலகு நடுவில் நிற்பது அரிது. ஆயின் அதன் பிடியில் மரம் இல்லையாதலால் மழை அதனைத் தொடுவதில்லை. ஆணி தளர்ந்தாற் சுத்தியலால் ஒரு தட்டுப் போதும். பொலிவில் அது ஒப்பினெலுக்கு வெகுதூரம் பின்னிற்பது. வீங்கும் மரத்தைப் பொறுத்தவரை முன்னிற்பது.

ஒப்பினெல் தொழிற்சாலையும் இதனை உணராமலில்லை. அண்மைக்காலத்தில், வெளிக்கள வேலைக்கென வார்ப்புப் பிளாத்திக்குப் பிடியும் கறைபடா அலகும் கொண்ட வகைகளை அது வெளியிட்டுள்ளது. மரம் வீங்குவது கவித்துவமான இயல்பேயன்றிக் குறையன்று என்பாருக்குச் செய்தவரே அளித்த விடையாக அதனைக் கொள்ளலாம். ஆயினும் பழைய பீச் மரப்பிடியே இன்றும் மலிவானது, கைக்கு இதமானது, தீட்டவும் தேய்க்கவும் இடங்கொடுப்பது. அதனை வாங்கச் செல்பவர் அலகு எப்பக்கம் சாய்ந்துள்ளதென்று பார்ப்பதை விட்டு, அலகைத் திறந்து வளையத்தைச் சுழற்றிப் பூட்டி, அலகின் முதுகை ஒரு பலகையில் அழுத்திப் பார்ப்பாராக. வளையம் அசையாது நிற்பின் வாங்கலாம். இம்மியளவேனும் பின்வாங்கின், மெருகு எத்துணை நன்றாயிருப்பினும், அதனை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும்.